எருக்கஞ்செடியும் தேன்மெழுகும்: தோட்டத்து உயிர்களை மெழுகு ஓவியமாக்க முழுமையான வழிகாட்டி

என்காஸ்டிக் என்பது உருக்கிய தேன்மெழுகில் குங்கிலியம் என்ற மரப்பிசினும் நிறமும் சேர்த்துப் பலகையில் அடுக்கடுக்காகப் பூசி, ஒவ்வொரு அடுக்கையும் சூட்டால் கீழடுக்கோடு இணைக்கும் ஓவிய முறை. அடுக்குகளுக்கு நடுவே இலை, விதைப் பஞ்சு, காகிதம், அச்சுப் படம் என்று எதையாவது சேர்த்தால் அது கலப்பு ஊடகம். என்னோடு உட்கார்ந்து கற்றுக்கொண்டவர்கள் எல்லாருக்கும் கை நன்றாகவே ஓடியது. ஆனாலும் படம் கெட்டது. காரணம், எதற்குப் பின் எதைச் செய்வது என்பதில் வந்த குழப்பம். அதனால் இங்கே வரிசைதான் முக்கியம்.

எடுத்துக்காட்டாக நான் செய்த ஒரு பலகையையே கடைசிவரை வைத்துக்கொள்கிறேன். அளவு 30 × 30 செ.மீ. பொருள்: எங்கள் வீட்டுக்குப் பக்கத்துக் காலி மனையில் நின்ற எருக்கஞ்செடியும் அதில் வளர்ந்த வெந்தய வரியன் வண்ணத்துப்பூச்சியும்.

1. ஒரு வாரம் பாருங்கள், பலகையைத் தொடாதீர்கள்

மெழுகு சூடான பிறகு யோசிக்க நேரம் கிடைக்காது. தூரிகையில் எடுத்த மெழுகு பலகைக்கு வருவதற்குள் இறுகத் தொடங்கிவிடும். எனவே என்ன வரையப்போகிறோம் என்பது முன்பே முடிவாகியிருக்க வேண்டும்.

காலை ஏழு மணி வாக்கில் ஒரே செடிக்கு முன்னால் தினமும் பத்து நிமிடம் நின்றால் போதும். வெந்தய வரியன் எருக்கிலையின் அடியில் ஒரு முட்டையை மட்டும் ஒட்டிவிட்டுப் போகும். புழு வெளிவந்ததும் கறுப்பு, வெள்ளை, மஞ்சள் பட்டைகளோடு இருக்கும். முதுகில் மூன்று இணைக் கறுப்புக் கொம்புகள், அடியில் சிவப்பு. இதை நேரில் பார்த்து வரையாமல் கூகுளில் எடுத்த படத்தை வைத்து வரைந்தவர்கள் பலர் இரண்டு இணையோடு நிறுத்திவிடுகிறார்கள். படம் எடுங்கள், வரையுங்கள், எந்த இலையில் எவ்வளவு கடித்திருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

பிறகு ஒரு தாளில் அடுக்கு வரைபடம் போடுங்கள். என் பலகைக்கு நான் போட்டது இது: அடியில் மனையின் எல்லைக்கோடுகள், அதன்மேல் புழு, அதன்மேல் எருக்கிலைகள், மேலே பஞ்சு. புதிதாக வருகிறவர்கள் வண்ணத்துப்பூச்சியை எல்லாவற்றுக்கும் மேலே, நடுவில், சிறகை விரித்து வைப்பார்கள். அது வாழ்த்து அட்டை. தோட்டத்தில் ஒரு பூச்சி கண்ணில் படுவது பாதி மறைந்துதான். அதற்கு மேல் ஓரடுக்கு மெழுகு போனால்தான் அந்தத் தோற்றம் வரும்.

2. எடுக்கக்கூடியது, எடுக்கக்கூடாதது

உதிர்ந்த இலை, காய்ந்த விதை, வெடித்த எருக்கங்காயின் பஞ்சு, மண், பட்டை ஆகியவை போதும். தூக்கணாங்குருவிக் கூடு கிடைத்தது, ஒட்டட்டுமா என்று கேட்பார்கள். வேண்டாம். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் பறவைகளின் முட்டையையோ கூட்டையோ கலைப்பதுகூட வேட்டை என்ற வரையறைக்குள் வருகிறது. கூடு காலியா இல்லையா என்று கீழே நின்று நம்மால் சொல்லவும் முடியாது. கூட்டை வரைந்துகொள்ளுங்கள். அதன் பின்னலை மெழுகில் கீறிக் காட்டினால் ஒட்டியதைவிட நன்றாகவே இருக்கும்.

எருக்கின் பாலில் கவனம் தேவை. கண்ணில் பட்டால் கடுமையாகப் பாதிக்கும். இலையைத் தொட்ட கையோடு முகத்தைத் தொடாதீர்கள். சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு மற்ற வேலை.

பொறுக்கியதை அன்றே மெழுகில் வைக்கக்கூடாது. மெழுகு காற்றை விடாது. உள்ளே ஈரம் மாட்டினால் போக வழியில்லை. முதல் முறை நான் பச்சை எருக்கிலையை அப்படியே பதித்தேன். தடித்த இலை, உள்ளே அவ்வளவு நீர். மூன்று வாரத்தில் மெழுகு கொப்புளம்போல் எழும்பி, அடியில் கறுப்பாகப் பூஞ்சை பிடித்தது. பலகையையே தூக்கிப்போட வேண்டியதாயிற்று. மெல்லிய இலைகளைச் செய்தித்தாளுக்கு நடுவே கனமான புத்தகத்தின் கீழ் வைத்து, தாளை இரண்டு நாளுக்கு ஒருமுறை மாற்றி, மூன்று வாரமாவது காயவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் ஒன்றரை மாதம் ஆகும். மடக்கினால் 'மடுக்' என்று ஒடிய வேண்டும், வளையக்கூடாது. எருக்குபோன்ற சதைப்பற்றுள்ள இலையைப் பதிக்கவே வேண்டாம். டிஷ்யூ தாளை மேலே வைத்துப் பென்சிலால் தேய்த்து நரம்பை எடுத்துக்கொள்ளுங்கள்.

3. மெழுகும் குங்கிலியமும் வாங்குவது

தேன்மெழுகு என்று விற்கப்படுவதில் பாரஃபின் கலப்படம் அதிகம். தேனீ வளர்ப்பவர்களிடம் நேரடியாக வாங்க முடிந்தால் நல்லது. மார்த்தாண்டம் பக்கம் தெரிந்தவர் இருந்தால் சொல்லிவையுங்கள். நல்ல மெழுகை உடைத்தால் உடைந்த இடம் பொடிப்பொடியாக, மங்கலாக இருக்கும். லேசான தேன் வாசனை வரும். விரலில் உருட்டினால் நொறுங்காமல் பிசையவரும். கண்ணாடிபோல் வழவழப்பாக, வாசனையே இல்லாமல் இருந்தால் சந்தேகப்படுங்கள். பாரஃபின் கலந்த பூச்சு பின்னால் விரிசல் விடும்.

மஞ்சள் மெழுகு இந்தப் பொருளுக்கு நன்றாகவே பொருந்தும். வெள்ளையும் நீலமும் தூய்மையாக வேண்டுமென்றால் மட்டும் வடிகட்டி வெளுத்த மெழுகு வாங்குங்கள். ரசாயனத்தால் வெளுத்தது நாளடைவில் மறுபடி மஞ்சளாகும்.

குங்கிலியம் நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும். வெளிறிய மஞ்சள் நிறத்தில், ஒளி ஊடுருவும் துண்டுகளைப் பொறுக்கி எடுங்கள். கருங்குங்கிலியம் வேறு மரத்தின் பிசின், நிறத்தைக் கறுக்கடிக்கும். சாம்பிராணி அறவே வேறு. 'எல்லாம் ஒண்ணுதான், புகைதானே போடப்போறீங்க' என்று கடைக்காரர் சொன்னால் அடுத்த கடைக்குப் போங்கள். சுவாமிமலை ஸ்தபதிகள் சிலைக்கு மெழுகு வார்ப்புச் செய்யும்போது தேன்மெழுகோடு குங்கிலியம் சேர்ப்பதும் நாம் சேர்ப்பதும் ஏறத்தாழ ஒரே காரணத்துக்குத்தான்: மெழுகு கெட்டிப்படும், நம் வெயிலைத் தாங்கும்.

4. அடுப்பும் அறையும்

வெப்பநிலைத் திருகு உள்ள மின்சார ஹாட் ப்ளேட், அதன்மேல் பழைய கனமான இரும்புத் தோசைக்கல். கல் சூட்டைச் சமமாகப் பரப்பும், சட்டென்று ஏறவிடாது. கல்லின்மேல் சின்ன எவர்சில்வர் கிண்ணங்கள், நிறத்துக்கு ஒன்று. இவை எதுவும் மறுபடி சமையலறைக்குப் போகக்கூடாது. வீட்டில் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கேஸ் அடுப்பு கூடாது. மெழுகு ஆவி நெருப்பைப் பிடிக்கும்.

தேன்மெழுகு 62 முதல் 64 டிகிரி செல்சியஸில் உருகும். வேலை செய்ய 80 முதல் 90 டிகிரி போதும். 95-ஐத் தாண்டவிடாதீர்கள். புகை தெரிந்தால் ஏற்கெனவே சூடு மிகுந்துவிட்டது என்று பொருள், அந்தப் புகை கண்ணையும் மூச்சுக்குழாயையும் எரிக்கும். துப்பாக்கிபோல் நீட்டிப் பார்க்கும் அகச்சிவப்பு வெப்பமானி வாங்குங்கள். அதைப் பளபளக்கும் எவர்சில்வர்மேல் காட்டினால் உள்ளதைவிடக் குறைவாகக் காட்டும். உருகிய மெழுகின்மேலோ கறுத்த தோசைக்கல்லின்மேலோ காட்டுங்கள். இது தெரியாமல் 'எழுபதுதான் காட்டுது' என்று திருகை ஏற்றிப் புகையவிட்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

ஜன்னலில் எக்ஸாஸ்ட் ஃபேன் ஓட வேண்டும், எதிர்ப்பக்கம் ஒரு கதவு திறந்திருக்க வேண்டும். சீலிங் ஃபேனை நிறுத்துங்கள். அது தூரிகை நுனியிலேயே மெழுகை இறுக்கிவிடும். வியர்க்கும்தான். அதனால் கத்திரி வெயிலில் நான் விடிகாலை ஐந்து மணிக்கு அடுப்பைப் போட்டு எட்டுக்குள் முடித்துவிடுவேன்.

அடுக்குகளை இணைக்கச் சூடான காற்றை ஊதும் கருவியான ஹீட் கன் 1500 முதல் 2000 வாட்ஸ் இழுக்கும். 16 ஆம்பியர் பவர் ப்ளக்கில்தான் போட வேண்டும். ஹாட் ப்ளேட்டையும் அதையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகாதீர்கள்.

மெழுகு தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றவே கூடாது, தீ தெறித்துப் பரவும். கிண்ணங்களை முழுதாக மூடும் அளவுக்கு ஒரு பெரிய மூடி பக்கத்தில் இருக்கட்டும். கையில் சூடான மெழுகு பட்டால் பிய்க்காமல் ஓடும் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள்.

5. மீடியம் காய்ச்சுவது

நிறம் சேராத மெழுகுக் கலவைக்கு மீடியம் என்று பெயர். பரவலாகச் சொல்லப்படும் அளவு எட்டுப் பங்கு மெழுகுக்கு ஒரு பங்கு குங்கிலியம். எங்கள் திருச்சி வெயிலுக்கு நான் 500 கிராம் மெழுகுக்கு 100 கிராம் போடுகிறேன். அதற்கு மேல் போனால் பூச்சு கண்ணாடிபோல் நொறுங்கும்.

1. குங்கிலியத்தைத் துணியில் சுற்றிச் சுத்தியலால் தட்டி, துவரம்பருப்பு அளவுக்கு உடையுங்கள்.
2. முதலில் மெழுகை உருக்குங்கள், பிறகு குங்கிலியத்தைப் போடுங்கள். முதலிலேயே போட்டால் அடியில் ஒட்டிக் கருகும்.
3. இந்த ஒரு வேலைக்கு மட்டும் சூடு 110 முதல் 120 டிகிரி வரை போகலாம். குங்கிலியம் அதற்குக் கீழே சரியாகக் கரையாது. திறந்த வெளியில் செய்யுங்கள், அடுப்பை விட்டு நகராதீர்கள்.
4. பழைய வேட்டித் துணியில் வடிகட்டுங்கள். பட்டைத்துண்டு, எறும்பு, மணல் எல்லாம் துணியில் நிற்கும்.
5. இட்லித்தட்டில் ஊற்றி ஆறவிடுங்கள். ஒரு குழி ஒரு வேளைக்குச் சரியாக இருக்கும்.

நிறத்துக்கு ஆயில் பெயின்ட் எளிது. டியூபிலிருந்து செய்தித்தாளின்மேல் பிதுக்கி ஒரு நாள் வையுங்கள், மிகுதி எண்ணெயைத் தாள் உறிஞ்சிக்கொள்ளும். எண்ணெய் கூடினால் மெழுகு இறுகாமல் பிசுபிசுக்கும். வெந்தய வரியனின் சிறகுக்கு யெல்லோ ஓக்கரோடு கொஞ்சம் பர்ன்ட் சியன்னா. பொடி நிறமி பயன்படுத்தினால் முகக்கவசம் கட்டாயம், காட்மியமும் ஈயமும் உள்ளவற்றை வீட்டுக்குள்ளேயே கொண்டுவராதீர்கள். மஞ்சள்தூள் போடலாமே என்று எல்லாரும் ஒருமுறை கேட்பார்கள். போடலாம், வெளிச்சத்தில் வெளுத்துப்போகும். அக்ரிலிக் எந்த அடுக்கிலும் வேண்டாம். அது பிளாஸ்டிக், மெழுகு அதைப் பிடிக்காது.

6. பலகை

மெழுகுக்குக் கெட்டியான, உறிஞ்சும் பரப்பு வேண்டும். கான்வாஸ் வளையும், வளைந்தால் விரிசல். குறைந்தது 9 மி.மீ. ப்ளைவுட்டை, மேல்பூச்சு எதுவும் இல்லாததாக வாங்கி, 220-ஆம் எண் உப்புத்தாளால் தேயுங்கள். கடையில் 'ரெடிமேட்' என்று வெள்ளைப் பூச்சோடு தருவது பெரும்பாலும் அக்ரிலிக் ஜெஸ்ஸோ. அதில் மெழுகு பிடித்ததுபோல் இருந்து, ஒரு நாள் தகடாகக் கழன்று வரும்.

வெள்ளைப் பின்னணி வேண்டுமென்றால் 300 ஜிஎஸ்எம் வாட்டர்கலர் தாளைப் பலகையில் முழுக்கப் பசை தடவி ஒட்டி, பாரம் வைத்து ஒரு நாள் காயவிடுங்கள். பென்சில், இந்தியன் இங்க், வாட்டர்கலர் எல்லாம் இந்த நிலையில்தான். மனையின் எல்லைக்கோட்டை நான் பென்சிலில் இங்கேதான் போட்டேன். மெழுகு ஏறியபின் பென்சில் பிடிக்காது.

7. அடிப்பூச்சும் இணைப்பும்

இந்தப் படியை அவசரப்படுத்தினால் பின்னால் செய்யும் எதுவும் நிற்காது.

பலகையை முதலில் ஹீட் கன்னால் வெதுவெதுப்பாக்குங்கள். குளிர்ந்த பலகையில் மெழுகு மேலோடு நின்றுவிடும், மரத்தின் துளைகளில் இருக்கும் காற்றும் பின்னால் குமிழியாக வெளிவரும். பன்றிமயிர்த் தூரிகையால் மீடியத்தை ஒரே திசையில் பூசுங்கள். நைலான் தூரிகை கிண்ணத்திலேயே சுருண்டுவிடும்.

இனி இணைப்பு. ஹீட் கன்னைக் குறைந்த காற்றில் வைத்து, 15 செ.மீ. தள்ளிப் பிடித்து, மெதுவாக நகர்த்துங்கள். மங்கலாக இருக்கும் மெழுகு சட்டென்று, ஈரம் பட்டதுபோல் பளபளக்கும். அந்தக் கணத்தில் அடுத்த இடத்துக்கு நகருங்கள். பளபளப்பு வராவிட்டால் இரண்டு அடுக்கும் தனித்தனியாகக் கிடக்கின்றன. மெழுகு நீர்போல ஓடத் தொடங்கினால் கீழடுக்கும் கலைகிறது. இரண்டுக்கும் நடுவே இருப்பது ஓரிரு நொடிதான். வீணாய்ப்போன பலகைத் துண்டில் பத்துமுறை பழகிவிட்டு வாருங்கள். ஹேர் டிரையரால் இது முடியாது. காற்று அதிகம், சூடு போதாது.

இரண்டாவது அடுக்கை எதிர்த்திசையில் பூசி மறுபடி இணையுங்கள். மூன்றாவதும் அப்படியே. ஓர் ஓரத்தை நகத்தால் நெம்பிப் பாருங்கள். தகடாக எழும்பினால் இணையவில்லை.

8. ஜெராக்ஸ் படத்தை மெழுகில் இறக்குவது

உங்கள் புழுப் படத்தைக் கறுப்பு வெள்ளையில், கறுப்பு அழுத்தமாக விழும்படி ஜெராக்ஸ் எடுங்கள். லேசர் பிரிண்ட்டும் சரி. இரண்டிலும் டோனர் பொடி தாளின்மேல் ஒட்டியிருக்கிறது, மெழுகு அதைப் பிடித்துக்கொள்ளும். இங்க்ஜெட் மை தாளுக்குள் ஊறிவிடுவதால் வராது. ஈர விரலால் தேய்த்து மை கலைந்தால் பெரும்பாலும் இங்க்ஜெட். எழுத்து இருந்தால் கண்ணாடிப் பிம்பமாக எடுக்கச் சொல்லுங்கள்.

1. மெழுகு ஆறட்டும். புறங்கையை வைத்தால் லேசான வெதுவெதுப்புத் தெரிய வேண்டும். சூடாக இருந்தால் தாள் மெழுகில் புதைந்துவிடும்.
2. படம் கீழ்நோக்கி இருக்கத் தாளை வைத்து, கரண்டியின் முதுகால் மூன்று நிமிடம் அழுத்தித் தேயுங்கள்.
3. தாளைத் தண்ணீரால் நனைத்து, ஒரு நிமிடம் விட்டு, விரல் நுனியால் உருட்டி உருட்டித் தாளை எடுங்கள். நகம் படக்கூடாது.
4. வெள்ளையாக மெல்லிய நார் மிஞ்சும். பயப்படாதீர்கள், மெழுகு ஏறியதும் அது கண்ணுக்குத் தெரியாது.
5. துணியால் ஒற்றி, ஒரு மணி நேரமாவது காயவிடுங்கள்.
6. மிக லேசாகச் சூடு காட்டி இணையுங்கள். அதிகமானால் டோனர் மிதந்து, கொம்புகள் கோணலாகும்.

ஐந்தாவது படியைத்தான் எல்லாரும் தாண்டுகிறார்கள். படம் இறங்கிய சந்தோஷத்தில் உடனே ஹீட் கன்னைத் தூக்கிவிடுவார்கள். மாட்டிய தண்ணீர் வெண்புள்ளியாக நின்றுவிடும், அதைச் சுரண்டினால் படமும் போகும்.

இதன்மேல் இரண்டு மெல்லிய மீடியம் அடுக்குக்கு மேல் வேண்டாம். மெழுகு ஏற ஏற மஞ்சள் மூட்டமாகிப் படம் அமுங்கிவிடும்.

9. டிஷ்யூவும் பஞ்சும்

நரம்பு தேய்த்த டிஷ்யூ தாளை வெட்டாமல் ஓரத்தைக் கிழியுங்கள். வெட்டிய விளிம்பு கோடாகத் தெரியும், கிழித்தது கரைந்துவிடும். அடியில் மீடியம் பூசி, தாளை வைத்து, மேலே மறுபடி பூசி, இணையுங்கள். தாள் கண்ணாடிபோலாகி நரம்பு மட்டும் நிற்கும்.

எருக்கம்பஞ்சில் இரண்டு ஆபத்து. ஹீட் கன் காற்றில் அறை முழுக்கப் பறக்கும். மெழுகு பிடிக்காத பஞ்சில் சூடு பட்டால் குப்பென்று பற்றும். எனவே விதையோடு ஐந்தாறு இழை மட்டும் இடுக்கியால் எடுத்து, வெதுவெதுப்பான மெழுகில் வைத்து, தூரிகை நுனியால் மீடியத்தைத் தடவாமல் சொட்டுச் சொட்டாக விட்டு, முழுக்க நனைந்தபிறகே சூடு. விரல்கனத்துக்குக் கொத்தாக வைத்தால் உள்ளே காற்று நின்று வெண்கட்டியாகத் தெரியும்.

10. கீறலும் நிறம் ஏற்றலும்

நுட்பமான கோடு தூரிகையால் வராது. ஜாமெட்ரி பாக்ஸ் காம்பஸின் முள் போதும். மெழுகு முழுதும் ஆறாமல், சீஸ் பதத்தில் இருக்கும்போது கீறுங்கள். ஆறியபின் கீறினால் ஓரம் பிசிறும். பிசிறைத் தூரிகையால் தட்டிவிட்டு, ஆயில் பெயின்ட்டை விரலால் கீறலுக்குள் தேயுங்கள். மேலே மிஞ்சியதை ஆளி விதை எண்ணெய் ஒரு துளி தொட்ட துணியால் துடைத்தால் கோடு மட்டும் நிற்கும். புழுவின் கொம்புகளையும் பட்டைகளையும் நான் இப்படித்தான் எடுத்தேன். ஒரு நாள் விட்டு, லேசாக இணைத்துவிடுங்கள்.

நான் இந்த நிலையில் இருந்தபோதுதான் மனைக்கு ஜேசிபி வந்தது. அரை மணி நேரத்தில் செடி இல்லை. அதற்காகப் பலகையில் எதையும் மாற்றவில்லை. எல்லைக்கோட்டை மட்டும் மெழுகுக்கு மேலாகவும் ஒருமுறை கீறிக் கறுப்பு ஏற்றினேன்.

11. ஆறவைப்பது, மாட்டுவது, கொண்டுபோவது

பூச்சு முழுக்க இறுக ஆறு மாதத்துக்கு மேல் ஆகும். அதுவரை மேலே சாம்பல் பூத்ததுபோல் மங்கும், குளிர்காலத்தில் இன்னும் அதிகம். மெல்லிய பருத்தித் துணியால் லேசாகத் தேய்த்தால் பளபளப்பு வந்துவிடும். வார்னிஷ் வேண்டாம்.

மேற்குச் சுவரிலும் நேர்வெயில் விழும் இடத்திலும் மாட்டாதீர்கள். 62 டிகிரிக்குத்தானே உருகும் என்று நிம்மதியாக இருந்துவிடக்கூடாது, நாற்பதிலேயே மேல்பரப்பு இளகி எதிலும் ஒட்டும். பூட்டிய காருக்குள் வைப்பது அடுப்பில் வைப்பதற்குச் சமம். ஒருமுறை மே மாதத்தில் ஒரு பலகையை பப்புள் ரேப்பில் சுற்றி பஸ்ஸில் கொண்டுபோனேன். பிரித்துப் பார்த்தால் மெழுகு முழுக்க வட்ட வட்டமாக அச்சு. இப்போது முதலில் பட்டர் பேப்பர், அதன்மேல் பரப்பைத் தொடாத உயரத்துக்கு நான்கு மூலையிலும் அட்டை, பிறகுதான் மற்றது. பயணமும் ராத்திரியில்தான்.

பலகையின் பின்பக்கம் தேதி, செடியின் பெயர், இடம், மீடியத்தின் அளவு ஆகியவற்றைப் பென்சிலால் எழுதிவையுங்கள். மூலை உடைந்தால் அதே அளவில் காய்ச்சிப் பூசினால்தான் ஒட்டு தெரியாது.